விசில் அப்பாவின் கையில்

ஜூன் 5, சனி

இன்றைக்கும் பொடி மாத்தயா, எல்லாருக்கும் சின்னத் துரை, பந்தைக் கோட்டுக்கு அப்பால் கொண்டுபோய் மூன்று ட்ரை வைத்தார். அவருக்கு முன்னால் ஆறேழு பேர் வழுக்கி விழுந்தார்கள். மழை பெய்து இரண்டு கிழமையாகிறது, மைதானம் கருவாடு மாதிரிக் காய்ந்து கிடக்கிறது. அதில் வழுக்கி விழுவதற்கும் ஒரு கெட்டித்தனம் வேண்டும்.

என்னைப் பொறுத்தவரை றக்பி என்றால் ஒன்றுதான். பந்தைத் தூக்கிக்கொண்டு வருபவனை இடுப்பில் பிடித்து நிலத்தில் போடுவது. அதுதான் டக்கிள். மற்றதெல்லாம் ஓட்டப்பந்தயம். ஆனால் பொடி மாத்தயா, அமைச்சர் ஹேனேகமவின் மகன் ருவிந்த, பந்தோடு வந்தால் அது வேறு விளையாட்டு. எதிரணிக்காரன் குறுக்கே வரத்தான் வேண்டும். வராவிட்டால் தொலைக்காட்சியில் அசிங்கமாக இருக்கும். வந்து, இரண்டு கையையும் விரித்து, அவருடைய கழுத்தடியில் ஒரு கணம் தொட்டு, அப்படியே பக்கத்தில் விழுந்துவிட வேண்டும். பொடியன்கள் இதற்கு 'மாலை போடுறது' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். எவரும் எவருக்கும் சொல்லிக் கொடுப்பதில்லை, எல்லாருக்கும் தெரியும்.

மத்தியஸ்தருக்கும் இதில் பங்குண்டு. யாராவது ஒருவன் மறந்துபோய் உண்மையாகவே பிடித்துவிட்டால், தோளுக்கு மேலே உயரத்தில் பிடித்தான் என்று விசில் ஊதி அவனுக்குத் தண்டனை கொடுக்க வேண்டும். இருபத்திரண்டு வருடமாக ஊதுகிறேன். எது எப்போது உயரம் என்று எனக்கு எவரும் படிப்பிக்கத் தேவையில்லை.

ஆட்டம் முடிந்ததும் லயனல் வந்து என் வயிற்றில் தட்டினான். மத்தியஸ்தர் சங்கத்துச் செயலாளர், பள்ளிக்கூட நாளில் என்னோடு ஒரே அணி. "குகா, உடம்பைக் குறை மச்சான். இந்த முறை இறுதிப் போட்டிக்கு உன் பெயர் அடிபடுகிறது" என்றான். சிங்களத்தில் சொன்னான். அங்கே எல்லாம் சிங்களம்தான், நான் இங்கே தமிழில் எழுதுகிறேன்.

லீக் இறுதிப் போட்டியில் இதுவரை ஒரு தமிழனும் விசில் ஊதியதில்லை. குகதாசன் ஊதுவான்.

ஜூன் 9, புதன்

காஸ் சிலிண்டர் மாற்றினேன். பழையதைத் தூக்கி வெளியே வைக்க மகன் ஆரூரனைக் கூப்பிட்டேன். ஒரு கையால் தூக்கிக்கொண்டு போனான். இருபத்துமூன்று வயது, அந்தத் தோளைப் பார்க்க எனக்கே கொஞ்சம் பொறாமையாக இருக்கிறது.

கடற்கரைக் கழகத்து முதல் அணியில் அவனுக்கு இடம் கிடைத்துவிட்டது. பத்தொன்பதாம் திகதி ருவிந்தவின் அணியோடு ஆட்டம். சாப்பாட்டு மேசையில் கேட்டேன்.

"தம்பி, மாலை போடத் தெரியுந்தானே?"

"நீங்கள் அதைப் பழக்கேல்லையே அப்பா."

"பகிடி விடாதை. அண்டைக்கு மட்டும் கண்டும் காணாத மாதிரி இரு."

"கண்ணை மூடினா அடிப்பன் எண்டு நீங்கள்தானே சொன்னனீங்கள்."

சொன்னதுதான். ஆறு வயதில் அவனை வெள்ளவத்தைக் கடற்கரைக்குக் கூட்டிக்கொண்டு போய் நான் பந்தோடு ஓடி வருவேன், அவன் என் தொடையைக் கட்டிப் பிடித்து விழுத்த வேண்டும். விழுந்தால் எழும்பு. அழ வேண்டுமென்றால் அம்மாவிடம் போ. இவ்வளவுதான் நான் அவனுக்குக் கொடுத்த கல்வி. மிச்சமெல்லாம் பள்ளிக்கூடத்தில் காசுக்குக் கிடைத்தது.

அவனுடைய தாய் வதனா சோற்றைப் போட்டபடி, "அவன்ர எலும்பை நீங்கள் செய்து குடுத்தனீங்களோ, அவனை விடுங்கோ" என்றாள். விளையாட்டைப் பற்றி அவளுக்கு என்ன தெரியும்.

ஜூன் 19, சனி

மகன் விளையாடுவதால் இன்றைக்கு விசில் வேறொருவர் கையில், நான் பார்வையாளர் வரிசையில். இடைவேளைக்குக் கொஞ்சம் முன்னால் நடந்தது. ருவிந்த இடது பக்கமாக வந்தார். முதல் இரண்டு பேரும் முறைப்படி மாலை போட்டு விழுந்தார்கள். மூன்றாவது ஆள் ஆரூரன்.

அவன் தாழ்வாகப் போனான். தோள் சரியாக இடுப்பில் பட்டது, தலை வெளிப்பக்கம், கை இரண்டும் தொடையைச் சுற்றி. பொடி மாத்தயாவின் கால் இரண்டும் நிலத்தை விட்டுக் கிளம்பி, ஆள் மல்லாக்க வந்து விழுந்தார். இருபத்திரண்டு வருடத்தில் இப்படி ஒரு டக்கிள் நான் நாலைந்துதான் பார்த்திருப்பேன்.

மைதானம் முழுக்கச் செத்த வீடு மாதிரி அமைதி. எங்கேயோ ஒருவர் மட்டும் கைதட்டினார். மத்தியஸ்தருக்கு விசில் ஊத மறந்துபோய்விட்டது, பாவம்.

ருவிந்தவுக்கு ஒரு காயமும் இல்லை, மூச்சு அடைத்துவிட்டது, அவ்வளவுதான். ஆனால் அந்த அமைதியில், புல்லில் சுருண்டு கிடந்தபடி, "அம்மே" என்று அழத் தொடங்கினார். ஒரு தரம் இல்லை. "அம்மே, அம்மே." தொலைக்காட்சிக் கமரா கிட்டப் போய்விட்டது. நாடு முழுக்க நேரடி ஒளிபரப்பு.

மேலே பிரமுகர் வரிசையில் அமைச்சர் எழும்பி நின்றார். மகனைப் பார்க்கவில்லை. கமராவைப் பார்த்தார்.

ஜூன் 20, ஞாயிறு

பத்திரிகையில் மைதானம் சமமில்லாததால் ருவிந்த கால் இடறி விழுந்தார் என்று போட்டிருக்கிறார்கள். மைதானத்துக்குத் தண்ணீர் விடுகிற மனிதனை வேலையால் நிறுத்திவிட்டார்களாம். ரேடியோவில் கேட்டேன், சிரித்துப் புரைக்கேறியது.

சந்தியில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் ஒருவனை ஒருவன் தள்ளிவிட்டு "அம்மே" என்று கத்தி விளையாடுகிறார்கள். தமிழ்ப் பிள்ளைகளும் சிங்களப் பிள்ளைகளும் சேர்ந்துதான். இந்த நாட்டில் இவ்வளவு ஒற்றுமையை நான் கண்டதில்லை.

ஆரூரன் பின்னேரம் வரைக்கும் நித்திரை. நான் அவனை ஏசவில்லை.

ஜூன் 21, திங்கள்

அலுவலகத்தில் ஒருவரும் என்னோடு கதைக்கவில்லை. லிஃப்ட்காரன் மட்டும் கையைப் பிடித்துக் குலுக்கினான்.

ஜூன் 23, புதன்

கழகம் ஆரூரனை அணியிலிருந்து எடுத்துவிட்டது. அவன் அதை எதிர்பார்த்திருந்தான். எதிர்பாராதது பின்னேரம் வந்தது.

ஜீப்பில் இரண்டு பேர், சிவில் உடுப்பு. பதிவுக்கு வந்தோம் என்றார்கள். எங்கள் வீட்டில் யார் யார் என்று பொலிஸில் பதிந்து வருடக்கணக்காகிறது. மரியாதையாகத்தான் இருந்தார்கள். சப்பாத்தைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார்கள். வதனா தேத்தண்ணி கொடுத்தாள், குடித்தார்கள். இரண்டு பேரில் பெரியவன் ஆரூரனைப் பார்த்துச் சிரித்தபடி கேட்டான்.

"தம்பி சமாதான காலத்தில் வட்டக்கச்சியில் நின்றீர்கள்தானே? அம்மாவின் சொந்தக்காரர் வீட்டில்?"

"ஸ்கூல் லீவுக்கு" என்றான் ஆரூரன். வட்டக்கச்சி அப்போது புலிகளின் பகுதி.

"என்ன பயிற்சி எடுத்தீர்கள்?"

"வாய்க்கால்ல நீச்சல்."

பெரியவன் மறுபடி சிரித்தான். "நல்ல உடம்பு. நீச்சலில் இப்படி உடம்பு வராது" என்று சொல்லிவிட்டு எழும்பினான். போர் முடிந்து ஒரு வருடம் ஆகிறது. இப்படிச் சிரித்துக் கேட்டுக் கூட்டிக்கொண்டு போன பிள்ளைகள் திரும்பி வராத வீடுகள் எங்கள் ஒழுங்கையிலேயே இரண்டு இருக்கின்றன.

அவர்கள் போனபிறகு வதனா கதவைப் பூட்டிவிட்டு அதிலேயே சாய்ந்து நின்றாள். "லயனலிட்டைக் கதையுங்கோ" என்றாள்.

ஜூன் 24, வியாழன்

கதைக்கப் போகத் தேவை இருக்கவில்லை. லயனலே வந்தான். எண்பத்து மூன்று கலவரத்தில் எங்கள் வீட்டை எரித்தபோது ஒன்பது நாள் அவனுடைய வீட்டு மேல்மாடியில்தான் ஒளிந்திருந்தோம். அதை அவன் ஒருநாளும் சொல்லிக் காட்டியதில்லை. சொல்லிக் காட்டாததால் அந்தக் கடன் கொஞ்சமும் குறையாமல் கிடக்கிறது.

"முட்டாள்தனமாகக் கைதட்டினாயே மச்சான்" என்றான் முதலில். "அமைச்சருக்கு அது நீதான் என்று தெரியும்."



அமைச்சருக்கு ஒரு வழக்கம் இருக்கிறதாம். அவரும் ஒரு காலத்தில் பள்ளிக்கூட அணிக்குத் தலைவர். தன்னை அவமானப்படுத்தியவனைப் பொலிஸில் கொடுப்பது ஆம்பிளைத்தனம் இல்லை என்று நினைக்கிறவர். குருநாகல் பக்கத்தில் அவருடைய தென்னந்தோட்டம் இருக்கிறது. வீட்டுக்கு முன்னால் பெரிய புல்தரை. அங்கே கூப்பிடுவார். மெய்ப்பாதுகாவலர்கள் வரிசையாக நிற்பார்கள். குற்றம் செய்தவன் கையில் பந்தைக் கொடுப்பார்கள், அவன் அவர்களுக்கூடாக ஓட வேண்டும். விழுத்துவார்கள். எழும்பி மறுபடி ஓட வேண்டும். விசில் ஊதினால் முடிந்தது. பிறகு எல்லாரும் ஒரே வரிசையில் இருந்து பாற்சோறு சாப்பிடுவார்கள். அதற்குப் பிறகு அமைச்சர் அந்த விஷயத்தை வாழ்நாளில் எடுக்கமாட்டாராம்.

"போன வருடம் ஒரு பத்திரிகை ஆசிரியர் ஓடினார். ஐம்பத்தெட்டு வயது, தொப்பை. இரண்டு தரம் விழுந்தார். இன்றைக்கு ஒரு கூட்டுத்தாபனத்துக்குத் தலைவர்."

"ஆர் விசில் ஊதுறது?" பதற்றத்தில் தமிழில் கேட்டுவிட்டேன். அவனுக்கு விளங்கிவிட்டது.

"அதுதான் மச்சான் அவர் உனக்குச் செய்கிற மரியாதை. அப்பனே ஊதட்டும் என்கிறார். மகனுக்கு எப்போது போதும் என்று அப்பனுக்குத் தெரியுந்தானே."

இவ்வளவு பெருந்தன்மையை நான் எதிர்பார்க்கவில்லை. எவனோ ஒருவன் கையில் விசில் இருந்தால் பயப்படலாம். என் கையில் இருக்கப்போகிறது.

ஜூன் 26, சனி

வதனாவிடம் அமைச்சர் மத்தியானச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டிருக்கிறார், சமாதானம் பேச, என்று மட்டும் சொன்னேன். பொய் இல்லை. அவள் காலையிலிருந்து பயறு வறுத்து இடித்துப் பயத்தம்பணியாரம் சுட்டாள். ஒரு பெரிய தகரம் நிறைய. அமைச்சரின் மனைவிக்குப் பிடிக்கும் என்று அவளாகவே முடிவு செய்துவிட்டாள்.

ஆரூரனிடம் முழுவதும் சொன்னேன். சப்பாத்துக்கு நாடா கோத்துக்கொண்டிருந்தவன் நிமிர்ந்து பார்த்தான்.

"நான் என்ன பிழை செய்தனான் அப்பா?"

"பிழை இல்லை. ஆனா அந்தப் பொடியன் அழுதிட்டான். ஆம்பிளை அழுததை ஊர் பாத்திட்டுது. அதுக்கு ஆரோ ஒராள் விழத்தானே வேணும்."

"வெளிநாட்டுக்குப் போகட்டே?"

"ஓடப் போறியோ? விழுந்து எழும்பிறது உனக்குப் புதுசே?"

கொஞ்ச நேரம் நாடாவை இழுத்துக்கொண்டிருந்தான். பிறகு, "விசில் உங்கட கையில எண்டா வாறன்" என்றான்.

என் பிள்ளை. நெஞ்சு நிறைந்துபோயிற்று.

ஜூன் 27, ஞாயிறு

ஆஸ்பத்திரி. எழுத முடியாது.

ஜூன் 30, புதன்

நடந்ததை ஒழுங்காக எழுதி வைக்க வேண்டும். ஆளுக்கொரு கதை சொல்லத் தொடங்கிவிட்டார்கள்.

ஞாயிறு காலை ஒன்பது மணிக்குத் தோட்டத்துக்குப் போய்ச் சேர்ந்தோம். அமைச்சர் விகாரைக்குப் போய் வந்த வெள்ளை உடுப்போடு புல்தரை ஓரத்தில் கதிரை போட்டிருந்தார். பக்கத்தில் எனக்கும் ஒன்று. ருவிந்த தகப்பனுக்குப் பின்னால் நின்றார், பார்க்கச் சொல்லி நிறுத்தியிருக்க வேண்டும். பணியாரத் தகரத்தை நான் கொடுத்தேன். அமைச்சரே திறந்து ஒன்றை வாயில் போட்டுக்கொண்டு, "நல்லாயிருக்கிறதே" என்றார். மனிதர் எளிமையானவர்.

வரிசையில் எட்டுப் பேர். படையில் இருந்தவர்கள், பந்தைப் பற்றி ஒன்றும் தெரியாது. தோளால் இடிக்கத் தெரிந்திருந்தது.

ஆரூரன் முதல் தரம் நாலு பேரைத் தாண்டிவிட்டான். சத்தியமாகச் சொல்கிறேன், அழகான ஓட்டம். ஐந்தாவது ஆள் விழுத்தினான். எழும்பினான். திரும்ப நடந்து வந்து பந்தை எடுத்தான். அடுத்த தரம் மூன்று பேர். பிறகு இரண்டு. ஒவ்வொரு முறையும் எழும்பி நின்று என்னைப் பார்த்தான். நான் தலையாட்டினேன். பிள்ளை சளைக்கவில்லை என்று அமைச்சருக்கும் தெரியட்டும் என்றுதான். சீக்கிரம் ஊதியிருந்தால் தகப்பன் பயந்துவிட்டான் என்று அவர்கள் சிரித்திருப்பார்கள். அந்தச் சிரிப்பு அவன் மேலே வாழ்நாள் முழுக்க ஒட்டிக்கொண்டிருக்கும். நானும் கணக்குத் தீராமல் வீட்டுக்குப் போயிருப்பேன், மறுநாள் ஜீப் வந்திருக்கும்.

அவன் விழுந்து கிடந்தால் ஊதிவிடுவது என்று நான் முடிவு செய்திருந்தேன். அவன் கிடக்கவில்லை. எழும்பிக்கொண்டே இருந்தான்.

மூக்கால் இரத்தம் வரத் தொடங்கியபோது விசிலை வாய்க்குக் கொண்டுபோனேன். அப்போது அமைச்சர் என் பக்கம் சரிந்து, "இறுதிப் போட்டிக்கு ஆரைப் போடலாம் என்று லயனல் கேட்கிறான். உனக்கு முழங்கால் எப்படி, ஓடக்கூடியதாக இருக்கிறதா?" என்றார். அமைச்சர் கேள்வி கேட்டால் பதில் சொல்லத்தானே வேண்டும். வாயில் விசிலை வைத்துக்கொண்டு சொல்ல முடியாது. முழங்காலுக்கு ஒன்றுமில்லை, தினமும் காலையில் நடக்கிறேன் என்றேன். எத்தனை மைல் என்று கேட்டார். அதையும் சொன்னேன். அதற்கிடையில் அவன் இரண்டு தரமோ மூன்று தரமோ ஓடியிருப்பான்.

கடைசியாக விழுந்தபோது தலை முன்னுக்கு மடிந்து, அதற்கு மேலே ஒருவன் விழுந்தான். ஒரு சத்தம் கேட்டது. கைகளை ஊன்றி எழும்பப் பார்த்தான், கை வரவில்லை. இன்னொருவன் அவனை இடிக்க ஓடிவந்துகொண்டிருந்தான். விசில் ஊதியது. எல்லாரும் அந்த இடத்திலேயே நின்றுவிட்டார்கள்.

அமைச்சர் தன்னுடைய வாகனத்தைக் கொடுத்தார். அதை மறக்கக் கூடாது. பாற்சோறு ஆறிவிடும் என்று என்னைச் சாப்பிட்டுவிட்டுப் போகச் சொன்னார். நான் இரண்டு வாய்தான் சாப்பிட்டேன்.

ஜூலை 2, வெள்ளி

கழுத்துக்குக் கீழே உணர்ச்சி இல்லை. டொக்டர் தமிழர்தான். "எப்படி விழுந்தவர்?" என்று கேட்டார். மொட்டைமாடியில் தண்ணீர்த் தாங்கி பார்க்க ஏறி வழுக்கிவிட்டான் என்றேன். டொக்டர் அவனுடைய தலைமயிரிலிருந்து ஒரு புல்லை எடுத்து மேசையில் வைத்துவிட்டு, வேறொன்றும் கேட்காமல் எழுதிக்கொண்டார்.

பொலிஸ் வரவில்லை. ஜீப்பும் வரவில்லை. அமைச்சர் சொன்ன சொல் தவறாதவர்.

ஜூலை 5, திங்கள்

வீட்டில் சீனி முடிந்துவிட்டது. வதனா சொல்லவில்லை, நானாகத்தான் கண்டுபிடித்தேன்.

ஜூலை 15, வியாழன்

இன்றைக்கு ருவிந்த வார்டுக்கு வந்தார். மெய்ப்பாதுகாவலர் இல்லை. ஒரு பை நிறைய முந்திரிகைப்பழம். மேலுதடு வெடித்து இரண்டு தையல் போட்டிருந்தது. விளையாட்டில் பட்ட காயம் இல்லை, விளையாட்டில் அவரை எவனும் தொடமாட்டான்.

கட்டிலடியில் நின்று அழுதார். அழுவார் என்று எனக்குத் தெரியும். ஆரூரன் கூரையைப் பார்த்தபடி கிடந்தான், இப்போது அவனால் பார்க்க முடிந்தது அதுதான். "அழாதீங்க, எனக்கு உங்கட முகம் தெரியேல்லை. கொஞ்சம் மேல வாங்க" என்றான் சிங்களத்தில். ருவிந்த வந்து அவன் முகத்துக்கு மேலே குனிந்து நின்றார்.

வதனா எழும்பித் தன்னுடைய கதிரையை அவருக்குக் கொடுத்தாள். ஃபிளாஸ்கிலிருந்து தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தாள். பதினெட்டு நாளாக எனக்கு ஒரு கோப்பை ஊற்றவில்லை.

"அண்டைக்கு என்ன நடந்தது தம்பி?" என்று கேட்டாள். அவளுக்குச் சிங்களம் அரைகுறை, ஆனால் அதைத் திருத்தமாகக் கேட்டாள்.

அந்தப் பொடியன் என்னைப் பார்த்துவிட்டு நிலத்தைப் பார்த்தபடி சொன்னான். "நான் கத்தினேன் அம்மா, ஊதுங்க அங்கிள், ஊதுங்க என்று. அங்கிள் அப்பாவோடு கதைத்துக்கொண்டிருந்தார். பிறகு நான்தான் அவருடைய கையிலிருந்து பறித்து ஊதினேன். உடனே நின்றுவிட்டார்கள். முதலே பறித்திருக்கலாம். எனக்கு அப்பாவிடம் பயம்."

பெண்களுக்கு முன்னால் கதை அளக்கிறார். நான் ஊதத்தான் போனேன். அவர் முந்திக்கொண்டார். ஒரு கணம் வித்தியாசம். ஒரு கணத்தை வைத்துக்கொண்டு ஒரு மனிதனை எடைபோட முடியாது.

வதனா என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. "தேத்தண்ணி ஆறுது தம்பி, குடியுங்கோ" என்று அவரிடம் சொன்னாள்.

ஜூலை 21, புதன்

சங்கத்திலிருந்து அறிவித்தல் வந்துவிட்டது. இறுதிப் போட்டி ஆகஸ்ட் 7. மத்தியஸ்தர், எஸ். குகதாசன்.

சொல்ல ஆள் இல்லாமல் லிஃப்ட்காரனிடம் சொன்னேன். இந்த முறை கை குலுக்கவில்லை.

ஜூலை 30, வெள்ளி

ஆரூரனை வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டோம். இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைக்க வேண்டும், இல்லாவிட்டால் முதுகில் புண் வந்துவிடும். வதனாவால் தனியத் தூக்க முடியாது. அதற்கு மட்டும் என்னைக் கூப்பிடுகிறாள். அதுவும் பெயர் சொல்லியோ "இஞ்சேருங்கோ" என்றோ இல்லை. அறை வாசலில் வந்து நிற்பாள்.

பின்னால் நின்று அக்குளுக்கடியில் கையைக் கொடுத்துத் தூக்குகிறேன். இன்னமும் பாரம்தான், ஆனால் தோள் வற்றத் தொடங்கிவிட்டது. நான் வளர்த்த தோள். அறையை விட்டு வெளியே வந்து குளியலறைக் கதவைப் பூட்டிக்கொண்டு தண்ணீரைத் திறந்துவிட்டேன். எழுதுவதற்கு ஒன்றுமில்லை.

ஆகஸ்ட் 5, வியாழன்

அமைச்சரின் அலுவலகத்திலிருந்து தொலைபேசி. இறுதிப் போட்டி விருந்துக்கு அந்தப் பணியாரம் கொஞ்சம் செய்து தரலாமா என்று அமைச்சரின் மனைவி கேட்டாராம். எப்படிச் சொல்வதென்று தெரியாமல் வதனாவிடம் சொன்னேன். பயறை எடுத்து வறுக்கத் தொடங்கினாள்.

நான் அவள் கையையே பார்த்துக்கொண்டு நின்றேன். சுட்டு முடிந்து அவள் அறைக்குப் போனபிறகு ஒன்றை எடுத்துச் சாப்பிட்டுப் பார்த்தேன். அரை மணித்தியாலம் இருந்து பார்த்தேன். ஒன்றும் இல்லை, நல்ல பணியாரம். அவள் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

"உங்களை மாதிரி எண்டு நினைச்சீங்களோ?" என்றாள். ஒரு மாதத்துக்குப் பிறகு என்னோடு கதைத்தது அவ்வளவுதான்.

ஆகஸ்ட் 7, சனி

ஊதிவிட்டேன். இலங்கை முழுக்கப் பார்த்தது. முழங்கால் ஒன்றும் செய்யவில்லை.

ஒரே ஒரு இடத்தில்தான் தலையிடி. இரண்டாம் பாதியில் ருவிந்தவின் கைக்குப் பந்து வந்தது. எதிரணி வழக்கப்படி வந்து மாலை போடத் தயாரானது. அவர் ஓடவில்லை. கோட்டுக்கு மூன்று மீற்றர் முன்னால் நின்றுவிட்டார். பந்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, "டக்கிள் பண்ணுங்கடா" என்று கத்தினார். ஒருவன் வந்து கழுத்தைத் தொட்டுவிட்டுப் பக்கத்தில் விழுந்தான். இன்னொருவன் விழுந்தான். அவரைச் சுற்றி ஐந்தாறு பேர் கிடக்க, நடுவில் அவர் மட்டும் நின்றுகொண்டிருந்தார். "ஆராவது பிடிங்கடா, நாய்களே." ஒருவனும் அசையவில்லை. பார்வையாளர்கள் கைதட்டத் தொடங்கிவிட்டார்கள், அவர்கள் அதை வீரம் என்று எடுத்துக்கொண்டார்கள்.

பிறகு என்னைப் பார்த்தார். நாலு மீற்றர் தூரம்கூட இல்லை.

ஊதினேன். கையைத் தூக்கி, ட்ரை என்று காட்டினேன். கோட்டைத் தொடவேயில்லை, எனக்குத் தெரியும். பிரமுகர் வரிசையில் அமைச்சர் எழும்பி நின்று கைதட்டினார். பொடி மாத்தயா பந்தை என் காலடியில் போட்டுவிட்டு மைதானத்தை விட்டு நடந்துபோனார். அதற்கும் கைதட்டினார்கள்.

லயனல் என்னைக் கட்டிப்பிடித்தான். "வரலாறு மச்சான், வரலாறு" என்றான்.

ஆகஸ்ட் 8, ஞாயிறு

காலையில் வதனா சந்தைக்குப் போயிருந்தாள். ஆரூரனைப் புரட்டுகிற நேரம் வந்துவிட்டது. நான் தனியவே போனேன். முகம் துடைத்துவிட்டேன், இடது பக்கம் சரித்துப் படுக்கவைத்து முதுகுக்குத் தலையணை வைத்தேன். இப்போது நாங்கள் இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கக்கூடியதாக இருந்தது.

"மேட்ச் பாத்தனான்" என்றான். "அம்மா டிவியை இஞ்ச கொண்டுவந்து வைச்சவ."

"ம்."

"நல்லா ஓடினீங்கள் அப்பா."

பகிடியாகச் சொல்கிறானோ என்று பார்த்தேன். இல்லை. சின்ன வயதிலும் இப்படித்தான், என்னுடைய ஒவ்வொரு ஆட்டத்துக்கும் வந்து கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பான்.

டிவிப் பக்கம் கண்ணைத் திருப்பினான். பிறகு, "ஒரு விசயம் கேக்கட்டே?" என்றான்.

"கேள்."

"அண்டைக்கு நீங்கள் ஊதுவீங்கள் ஊதுவீங்கள் எண்டுதான் ஒவ்வொருக்காலும் எழும்பினனான். உங்கட பக்கம் பாத்தா நீங்கள் தலையாட்டினீங்கள். இன்னும் ஓடச் சொல்லுறீங்கள் எண்டு நினைச்சன்." மூச்சு வாங்கியது, அவனுக்கு நீளமாகக் கதைத்தால் மூச்சு வாங்கும். "நான் எழும்பாமல் படுத்திருந்தா ஊதியிருப்பீங்களோ?"

"ஓம்" என்றேன். "நீ படுக்கிறதைத்தான் பாத்துக்கொண்டிருந்தனான்."

அவன் கண்ணை மூடவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். கண்ணீர் மூக்குக்குக் குறுக்கே ஓடித் தலையணையில் விழுந்தது. துடைக்க அவனுக்குக் கை வராது.

"அப்ப என்ர பிழைதான் அப்பா" என்றான். "எனக்குப் படுக்கத் தெரியேல்லை."

முகத்தைத் துடைத்துவிட்டேன். தலையணையை மாற்றினேன். தண்ணீர் பருக்கினேன். அவன் நித்திரையாகும் வரைக்கும் பக்கத்திலேயே இருந்தேன். உன்ர பிழை இல்லை என்று மட்டும் சொல்லவில்லை.